உறைந்த ஆற்றின் மேல் ஒரு வாரம்: வின்னிபெக் குறிப்புகள்

முதல் நாள், வியாழன்

டொராண்டோவில் அலுவலக வேலை முடிந்து ஒரு வாரம் விடுப்பு கையில் இருந்தது. நயாகரா போ, மாண்ட்ரியல் போ என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மானிட்டோபா மாகாணத்தில் இருக்கும் வின்னிபெக்குக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றதும் கூட வேலை செய்பவர் ஒருவர், “பிப்ரவரியிலா?” என்று கேட்டுவிட்டு அடுத்த கேள்வி கேட்காமல் போய்விட்டார்.

விமானம் இறங்கும்போது ஜன்னலில் பார்த்தால் இஸ்திரி போட்ட வேட்டியை விரித்த மாதிரி வெள்ளை. மேடு என்று சொல்ல ஒரு பொட்டு இடம் இல்லை. இரண்டு ஆறுகள் மட்டும் மடிப்புக் கலைந்த இடம்போல் வளைந்து கிடந்தன. அத்தான் காரோடு வந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, “இது டொராண்டோ ஜாக்கெட். இங்கே இதைச் சட்டைன்னு சொல்வோம்” என்றார். அவருடைய பழைய பார்காவை எனக்காகப் பின்சீட்டில் வைத்திருந்தார். வெளியே மைனஸ் 24.

கார் நிறுத்துமிடத்தில் பாதிக் கார்களின் மூக்கிலிருந்து மின்சார பிளக் தொங்கியது. எல்லாம் எலெக்ட்ரிக் கார்களா என்று கேட்டேன். அக்கா மகள் சிரித்தே விட்டாள். அது ப்ளாக் ஹீட்டர். ராத்திரி முழுக்க எஞ்சினைச் சூடாக வைக்கப் பிளக்கில் மாட்டிவிட்டுத் தூங்குவார்கள். மாட்டாவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது.

இந்த ஊர் ஏன் இப்படித் தட்டையாக இருக்கிறது என்பதற்கு அத்தானிடம் பதில் இருந்தது. மண் பரிசோதனைதான் அவர் தொழில். பனியுகத்தின் கடைசியில் இங்கே அகாசி என்ற ஒரு ஏரி இருந்தது. வட அமெரிக்காவின் இப்போதைய ஐந்து பேரேரிகளையும் சேர்த்தாலும் அதன் பரப்பு வராது. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் அது வடிந்து போனது. மிஞ்சியது அடியில் படிந்த களிமண். “நாம இப்ப ஓட்டிட்டுப் போறது ஏரியோட தரையில” என்றார். வின்னிபெக் என்ற பெயரே க்ரீ பழங்குடியினரின் மொழியில் கலங்கல் தண்ணீர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாம்.

இரண்டாம் நாள், வெள்ளி

இன்று ஆற்றின் மேல் நடந்தேன். கரையில் இல்லை, ஆற்றின் மேலேயே.

ரெட் ஆறும் அசினிபோயின் ஆறும் கூடும் இடத்துக்கு ‘த ஃபோர்க்ஸ்’ என்று பெயர். ஆறாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் வந்து கூடிய இடம். முதலில் ஆதிக்குடிகள் மீன் பிடிக்கவும் பண்டம் மாற்றவும் வந்தார்கள். பிறகு விலங்கு ரோமத்தோல் வணிகர்கள் வந்தார்கள். அப்புறம் ரயில்வே வந்து தண்டவாளத்தைப் போட்டு இந்த இடத்தையே மூடிவிட்டது. பல பத்தாண்டுகள் ஊர்க்காரர்களே தங்கள் கூடுதுறையைப் பார்க்காமல் வாழ்ந்திருக்கிறார்கள். ரயில் யார்டு போனபின் 1989-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ரயில் கம்பெனிகளின் குதிரை லாயங்கள் இரண்டைக் கண்ணாடிக் கூரையால் இணைத்து ஒரு சந்தைக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். உள்ளே பலநாட்டுச் சாப்பாடு, காபி, பக்கத்திலேயே ஸ்கேட்ஸ் வாடகைக்கு எடுக்கும் இடம்.

எனக்கு ஸ்கேட்ஸ் வேண்டாம் என்றேன். அக்கா மகள் விடவில்லை. “மாமா, இங்க மூணு வயசுக் குழந்தையெல்லாம் ஓடுது, நீங்க பயப்படறீங்களே!” அந்த மூன்று வயதுக் குழந்தைகள் விழுந்தால் தரை பக்கம். எனக்கு ஐந்தே முக்கால் அடி. பத்து நிமிடத்தில் நான்கு முறை உட்கார்ந்து எழுந்தபின் நடப்பவர்களுக்கான தடத்துக்கு மாறிக்கொண்டேன். ஸ்கேட் செய்ய ஒரு தடம், நடக்க ஒரு தடம் என்று ஆற்றின் மேலேயே சாலை போட்டிருக்கிறார்கள். பனிக்கட்டி எவ்வளவு தடிமன் என்று அளந்து பார்த்துத்தான் ஒவ்வொரு குளிர்காலமும் திறப்பார்கள். சில வருடம் கிலோமீட்டர் கணக்கில் நீளும், சில வருடம் சில நாட்களோடு சரி. பாதைக்கு நெஸ்தவேயா என்று க்ரீப் பெயர். நாய்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள், சைக்கிள்காரர்கள், அலுவலகப் பையோடு விரைந்த ஒரு பெண்மணி என்று வெள்ளிக்கிழமை மாலை முழுக்க ஆற்றின் மேல்தான் இருந்தது. எங்கள் ஊரில் சாயங்காலம் தாமிரபரணிப் படித்துறையில் சேரும் கூட்டம் நினைவுக்கு வந்தது. என்ன, இங்கே யாரும் நனையவில்லை.

வழிநெடுகக் குளிர்காயும் குடில்கள். 2010-இலிருந்து இதற்காக ஆண்டுதோறும் ஒரு போட்டி நடக்கிறது. பல நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் வடிவம் அனுப்புவார்கள், தேர்வானதைக் கட்டி ஆற்றின் மேல் வைப்பார்கள். ஃபிராங்க் கெரி 2012-இலும், மும்பையில் பிறந்த சிற்பி அனிஷ் கபூர் 2017-இலும் ஒவ்வொன்று செய்து கொடுத்திருக்கிறார்கள். உலகத்தின் பெரிய கலைக்கூடங்கள் வரிசையில் நின்று வாங்கும் ஆட்களிடம், மார்ச்சில் உருகப்போகும் ஆற்றின் மேல் வைக்க ஒரு பொருள் கேட்கும் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. நான் உட்கார்ந்த குடிலுக்குள் ஒரு தாத்தா ஃபிளாஸ்க்கிலிருந்து சாக்லேட் பானம் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். “முதல் தடவையா?” என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். என் இமையைக் காட்டினார். கண்ணீர் உறைந்து முத்து முத்தாக ஒட்டியிருந்தது.

கைபேசி பேட்டரி அறுபது சதவீதத்திலிருந்து ஒரே குதியில் அணைந்துபோனது. அதனால் இன்று படங்கள் குறைவு.

மூன்றாம் நாள், சனி

மைனஸ் 33. காற்றையும் சேர்த்தால் மைனஸ் 45 போல உறைக்கும் என்று வானொலியில் சொன்னார்கள். தோலை வெளியே காட்டினால் பத்து நிமிடத்துக்குள் உறைந்துவிடும். அக்கா இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, “இன்னைக்கு யாரும் வெளிய போக வேண்டாம்” என்று உத்தரவு போட்டுவிட்டுத் தூங்கப் போனாள்.

நேற்று நினைத்ததில் ஒரு திருத்தம். ஆற்றின் மேல் பனியைப் பெருக்கித் தள்ளினால் பாதை தயார் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். பனியை ஒதுக்கியபின் தண்ணீர் விட்டு விட்டு உறையவைத்து வழவழப்பாக்க வேண்டும். அக்கா மகள் இதைச் சொல்லும்போதுதான் நம் சொல் பஞ்சம் தெரிந்தது. மார்கழி விடியலில் புல் மேல் நிற்பதும் பனி, மலைமேல் கண்ணை மறைப்பதும் பனி, வானத்திலிருந்து விழுவதும் பனி, உறைந்து கிடக்கும் ஆறும் பனி. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஒரு நாள் வண்டி ஓட்ட முடியாது.

மதியத்துக்குமேல் அத்தான் ரகசியமாகக் காரைக் கிளப்பி என்னை ஒரு பள்ளம் பார்க்க அழைத்துப் போனார். பள்ளம்தான். 1950-இல் ரெட் ஆறு ஊருக்குள் புகுந்து சுமார் ஒரு லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. இந்த ஆறு வடக்கே பாய்கிறது என்பதுதான் சிக்கலின் வேர். வசந்தத்தில் தெற்கே முதலில் உருகும், வடக்கே இன்னும் கட்டியாகக் கிடக்கும். வந்த தண்ணீர் போக வழியில்லாமல் தட்டைத் தரையில் பரவிவிடும். டஃப் ராப்ளின் என்ற முதல்வர் ஊரைச் சுற்றி 47 கிலோமீட்டருக்கு வெள்ளத்தைத் திருப்பிவிடும் ஒரு கால்வாய் வெட்டவைத்தார். எதிர்த்தவர்கள் ‘டஃபின் சாக்கடை’ என்று கேலி செய்தார்கள். 1968-இல் முடிந்தது. 1997-இல் பெருவெள்ளம் வந்தபோது ஊரைக் காப்பாற்றியது அதுதான். கேலிப்பெயர் இன்றும் இருக்கிறது, இப்போது செல்லப்பெயராக.

பார்க்க என்ன இருக்கிறது என்றால், ஒன்றும் இல்லை. வெள்ளையாக ஒரு அகலமான பள்ளம், காற்று, அவ்வளவுதான். அத்தான் கோயில் கோபுரத்தைக் காட்டும் பெருமையோடு காட்டினார். திரும்பும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி, பனிக்கூழ் மாதிரி இருக்கும் ஸ்லர்பி வாங்கினார். மைனஸ் 33-இல். கடையில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். நாட்டிலேயே அதிகமாக ஸ்லர்பி குடிக்கும் ஊர் என்று இவர்களுக்கு ஒரு பெயர் உண்டு.

நான்காம் நாள், ஞாயிறு

மனித உரிமைகள் அருங்காட்சியகம். பத்து டாலர் நோட்டின் பின்பக்கம் இருக்கும் கட்டடம் இதுதான். முன்பக்கம் வயோலா டெஸ்மண்ட். 1946-இல் நோவா ஸ்கோஷியாவில் ஒரு திரையரங்கில் வெள்ளையர்கள் உட்காரும் பகுதியிலிருந்து எழ மறுத்ததற்காகக் கைதான கறுப்பினப் பெண்மணி. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைப் பார்த்தேன். நோட்டில் அழகாக இருக்கிறது. நேரில் முதல் பார்வைக்கு, கண்ணாடிச் சிறகுகளைச் சுற்றிக்கொண்டு எதற்கோ தயங்கி நிற்கும் ஒரு பறவை போல இருந்தது. கட்டடக் கலைஞர் ஆன்டாயின் பிரெடாக். திறந்தது 2014-இல். நாட்டின் தலைநகர் ஒட்டாவா வட்டாரத்துக்கு வெளியே கட்டிய முதல் தேசிய அருங்காட்சியகம்.

உள்ளே போவது மண்ணுக்குள் இறங்குவதுபோல. கீழே இருட்டு, கரடுமுரடான சுவர். அங்கிருந்து சாய்தளங்களில் ஏறி ஏறி வெளிச்சத்துக்கு வர வேண்டும். சாய்தளத்தின் பக்கச்சுவர்கள் ஸ்பெயினிலிருந்து வந்த அலபாஸ்டர் கற்கள். உள்ளிருந்து விளக்கு எரிவதால் கல் முழுக்கத் தேன் நிறத்தில் ஒளிர்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் லிஃப்டில் போகலாம், ஆனால் நடந்து போவதுதான் இங்கே விஷயமே. கடைசியில் 100 மீட்டர் உயரக் கோபுரம்.

பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகள் பற்றிய பகுதியில் நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் நின்றேன். அதைப் பற்றி இங்கே நாலு வரியில் எழுத மனம் வரவில்லை.

நடுவில் ஒரு தோட்டம் உண்டு. கறுப்புப் பாறைத் தூண்கள், இடையிடையே தண்ணீர்த் தடாகம். களைத்தவர்கள் உட்கார்ந்து யோசிக்கும் இடம். அங்கே அக்கா மகள் சொன்ன ஒரு விஷயம்தான் இன்று முழுக்கக் கூடவே வந்தது. இந்த நகரத்தின் குழாய்த் தண்ணீர் ஷோல் ஏரியிலிருந்து வருகிறது. 1919-இல் முடித்த நீண்ட கால்வாய் வழியாக. அந்தக் கால்வாய்க்காக, ஏரிக்கரையில் இருந்த ‘ஷோல் லேக் 40’ என்ற பழங்குடி மக்களின் நிலத்தை வெட்டித் தீவாக்கிவிட்டார்கள். நகரம் நல்ல தண்ணீர் குடித்தது. அந்த மக்கள் தங்கள் ஏரித் தண்ணீரையே காய்ச்சாமல் குடிக்க முடியாது என்ற எச்சரிக்கையோடு இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். சாலை கிடைத்தது 2019-இல், சுத்திகரிப்பு நிலையம் 2021-இல். மனித உரிமைக்கு அருங்காட்சியகம் கட்டி முடித்தபோதும் அவர்களுக்குச் சாலை இல்லை. “இந்தத் தடாகத்துத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு அவங்க வந்து கேட்டிருக்காங்க, மாமா” என்றாள். நான் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். காலையில் அக்கா வீட்டுக் குழாயில் பிடித்தது.

வெளியே வந்தால் அருகிலேயே காந்தி சிலை. தோளில் இரண்டு அங்குலம் பனி.

ஐந்தாம் நாள், திங்கள்

இன்று லூயி ரியல் தினம், மானிட்டோபாவுக்கு அரசு விடுமுறை. வேறு சில மாகாணங்கள் இதே நாளைக் குடும்ப தினம் என்று கொண்டாடும்போது இவர்கள் ஒரு கிளர்ச்சிக்காரரின் பெயரை வைத்திருக்கிறார்கள். காலையில் போன ஓரிடம் மூடியிருந்தது. விடுமுறை என்று தெரிந்தும் பார்க்காமல் கிளம்பியது என் தவறு.

ஆற்றைத் தாண்டினால் செயின்ட் போனிஃபஸ். திடீரென்று தெருப் பலகைகள் பிரெஞ்சுக்கு மாறுகின்றன. பாலத்தின் பெயரே எஸ்பிளனாட் ரியல். தேவாலயத்தின் முன்முகம் மட்டும் தனியாக நிற்கிறது. 1968-இல் தீப்பிடித்துக் கூரையும் உள்ளும் போய்விட்டன. இடிந்த சுவர்களை அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் ஒரு சிறிய புதுத் தேவாலயத்தை எட்டியன் கபூரி கட்டினார். முகப்பில் வண்ணக் கண்ணாடிச் சாளரம் இருந்த வட்டத்தில் இன்று வானம்தான் இருக்கிறது.

முன்னால் உள்ள கல்லறைத் தோட்டத்தில் ரியல். மெட்டி இனத்தவர், அதாவது பழங்குடித் தாய்களுக்கும் ஐரோப்பிய வணிகர்களுக்கும் பிறந்து தனி மக்களாக உருவான இனம். கனடா இந்தப் பகுதியை யாரையும் கேட்காமல் வாங்கியபோது, 1869-70-இல் இங்கே ஒரு தற்காலிக அரசு அமைத்துப் பேரம் பேசி மானிட்டோபாவை ஒரு மாகாணமாக்கியவர். நாடாளுமன்றத்துக்கு மூன்று முறை தேர்வாகியும் உட்கார முடியவில்லை. 1885-இல் ரெஜைனாவில் தூக்கிலிட்டார்கள். 2023-இல் மானிட்டோபா சட்டமன்றம் அவருக்கு மாகாணத்தின் முதல் முதல்வர் என்ற கௌரவப் பட்டம் தந்தது. தூக்குக்கும் பட்டத்துக்கும் நடுவே 138 வருடம். கல்லறை மேல் யாரோ நீலச் சரிகைப் பட்டி ஒன்றைச் சுற்றிவைத்திருந்தார்கள்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஃபெஸ்டிவல் டு வொயாஜர். ரோமத்தோல் வணிகத்துக்காகப் படகோட்டியவர்களின் பெயரால் 1970-இலிருந்து நடக்கும் குளிர்காலத் திருவிழா. மரக்கோட்டை, ஆளுயரத்துக்கு மேலான பனிச் சிற்பங்கள், கூடாரங்களுக்குள் பிடில் இசை, எல்லோர் இடுப்பிலும் பல நிறத்தில் நெய்த நீண்ட கச்சை. ‘ஹே ஹோ!’ என்று யாராவது கத்தினால் தெரியாதவர்களும் திருப்பிக் கத்துகிறார்கள். நான் மூன்றாவது ‘ஹே ஹோ’வில் சேர்ந்துகொண்டேன்.

சாப்பிட்டதில் சொல்ல வேண்டியது ஒன்றே. சுத்தமான பனியைப் பலகையில் பரப்பி, கொதிக்கும் மேப்பிள் பாகைக் கோடாக ஊற்றுகிறார்கள். விழுந்த இடத்தில் இறுகும்போது ஒரு குச்சியில் சுருட்டிக் கொடுக்கிறார்கள். கமர்கட்டுக்கும் ஜவ்வுமிட்டாய்க்கும் நடுவில் ஒரு பதம். அக்காவும் நானும் ஆளுக்கு மூன்று. அத்தான் தன் சர்க்கரை அளவை நினைத்துப் பெருமூச்சு விட்டு, பட்டாணி சூப்போடு நிறுத்திக்கொண்டார்.

ஆறாம் நாள், செவ்வாய்

காலை சட்டமன்றக் கட்டடம். அனுமதி இலவசம். உச்சியில் தங்க முலாம் பூசிய இளைஞன் ஒரு கையில் தீப்பந்தமும் மறுகையில் கோதுமைக் கதிருமாக வடக்கு நோக்கி ஓடுகிறான். பிரான்ஸில் வார்த்த சிலை. கப்பலில் ஏற்றிய பிறகு முதல் உலகப் போருக்காக அந்தக் கப்பலைப் படைக்கு எடுத்துக்கொண்டதால், பாவம், இறங்க இடமில்லாமல் அட்லாண்டிக்கில் போய்வந்து கொண்டிருந்தான்.

ஆனால் அத்தான் என்னை மேலே பார்க்க விடவில்லை. சுவரைப் பார்க்கச் சொன்னார். டிண்டல் கல். பழுப்பு வெள்ளையில் புழு ஊர்ந்த தடம் போன்ற கோடுகள். 45 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த வெதுவெதுப்பான கடலின் அடித்தரை அது. உயிரினங்கள் சேற்றில் துளைத்த வழிகள்தான் அந்தக் கோடுகள். தூணோரம் ஒரு சுருள் சங்கு, கொஞ்சம் தள்ளி ஒரு பவளம். முதல்வர் அறைக்குப் போகும் வழியில் யாரும் கவனிக்காமல் கிடக்கின்றன. மாடிப்படியின் இருபுறமும் இரண்டு வெண்கலக் காட்டெருமைகள், ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல். பளிங்குத் தரை உடையாமல் இவற்றை உள்ளே கொண்டுவர, கூடத்தில் தண்ணீர் விட்டு உறையவைத்து, அசினிபோயின் ஆற்றில் வெட்டிய பனிப்பாளங்கள் மேல் வைத்துச் சறுக்கி இழுத்தார்கள் என்று ஒரு கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். வெளியே மைனஸ் 28 இருந்தபோது கேட்டதால் நான் உடனே நம்பிவிட்டேன்.

மதியம் கௌமாயுக். வின்னிபெக் கலைக்கூடத்தோடு இணைத்து 2021-இல் திறந்த, வடதுருவப் பகுதிப் பழங்குடிகளான இனுயிட் மக்களின் கலை மையம். அவர்களுடைய இனுக்டிடுட் மொழியில் ‘ஒளியாக இருக்கிறது’ என்று பொருள். இன்றைய இனுயிட் கலைக்கு உலகத்திலேயே பெரிய பொதுச் சேகரிப்பு இதுதான், சுமார் 14,000 படைப்புகள். மற்ற அருங்காட்சியகங்கள் நிலவறையில் பூட்டி வைப்பதை இவர்கள் மூன்று மாடி உயரக் கண்ணாடிப் பெட்டகத்தில் ஆயிரக்கணக்கில் அடுக்கி நடுக்கூடத்தில் நிறுத்திவிட்டார்கள். டிக்கெட் வாங்கும் முன்பே பார்க்கலாம். கரடி, சீல், நடனமாடும் வால்ரஸ், முதுகுத் தொப்பிக்குள் குழந்தையைச் சுமக்கும் தாய்.

ஒரு சிற்பத்தின் சாம்பல்பச்சை வழவழப்பை எங்கோ தொட்டிருக்கிறோமே என்று யோசித்தேன். மாக்கல்! ஆச்சி வத்தக்குழம்பு வைக்கும் கல்சட்டியின் கல். அக்காவிடம் சொன்னதும் அவளும் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்றாள். இவர்களும் முதலில் பாத்திரத்துக்கும் விளக்குக்கும்தான் இந்தக் கல்லைக் குடைந்தார்கள். குல்லிக் என்ற பிறைவடிவ விளக்கு, சீல் கொழுப்பு எண்ணெய், பாசித் திரி. பனிவீட்டுக்குள் வெளிச்சமும் அடுப்பும் அதுவே. சூட்டை மெல்ல வாங்கி மெல்ல விடும் குணத்துக்காக நாங்கள் குழம்புக்கு எடுத்த கல்லை, மரமே முளைக்காத நிலத்தில் இவர்கள் உயிரோடு இருக்க எடுத்திருக்கிறார்கள். ஆச்சியின் கல்சட்டி இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று அக்காவுக்கும் எனக்கும் திரும்பும் வழியெல்லாம் வாக்குவாதம். சின்னச் சித்தி வீட்டில் என்பது என் கட்சி.

ராத்திரி ராயல் வின்னிபெக் பாலே பார்க்க ஆசை. 1939-இல் தொடங்கிய, கனடாவின் மிகப் பழைய பாலே குழு. இந்த வாரம் நிகழ்ச்சி இல்லை.

ஏழாம் நாள், புதன்

மாலை விமானம். காலையில் எக்ஸ்சேஞ்ச் வட்டாரத்தில் நடந்தோம். கோதுமை வியாபாரத்தால் ஊர் கொழுத்த காலத்தில் எழுந்த செங்கல் கிடங்குகள், வங்கிகள். பனாமா கால்வாய் 1914-இல் திறந்து சரக்கு வேறு வழியில் போகத் தொடங்கியதும் வளர்ச்சி வேகம் குறைந்தது. இடித்துக் கட்டப் பணமில்லாததால் தப்பித்த கட்டடங்கள் இன்று தேசிய வரலாற்றுச் சின்னம். சுவர்களில் மங்கிப்போன பழைய விளம்பர எழுத்துகள் அப்படியே இருக்கின்றன.

மெயின் தெருவில் ஒரு டிராம் வண்டி சாய்ந்து தரைக்குள் புதைவதுபோல இரும்பில் ஒரு நினைவுச்சின்னம். 1919-இல் 30,000-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூன் 21 அன்று கூட்டம் ஒரு டிராமைச் சாய்த்தது, குதிரைப் போலீஸ் சுட்டது, இரண்டு பேர் இறந்தார்கள். ஷோல் ஏரித் தண்ணீர் ஊருக்கு வந்ததும் அதே 1919-தான் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

போர்ட்டேஜும் மெயினும் சந்திக்கும் முனைக்கு வந்தோம். நாட்டிலேயே அதிகக் காற்றடிக்கும் சந்திப்பு என்று பெயர் வாங்கியது. 1979-இலிருந்து நடப்பவர்கள் சாலையைக் கடக்கத் தடை இருந்தது, சுரங்கப்பாதையில்தான் போக வேண்டியிருந்தது. தடை வேண்டுமா என்று 2018-இல் வாக்கெடுப்பு நடத்தினால், மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். கடைசியில் கீழே நீர் ஒழுகாமல் பழுதுபார்க்கும் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு 2025 ஜூனில் திறந்துவிட்டார்கள். அக்கா இங்கே வந்து 19 வருடம். இந்த முனையை மேலே நடந்து கடந்தது இன்றுதான் முதல் முறையாம். பச்சை விளக்கு விழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள், சின்ன வயதில் நெல்லை ஜங்ஷனில் ஓடிய மாதிரி. காற்று இருவரையும் ஒரு பக்கமாகத் தள்ளியது.

பார்காவை அத்தானிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு டொராண்டோ ‘சட்டை’யோடு விமானம் ஏறினேன். இறங்கியதும் அக்கா மகளிடமிருந்து ஒரு செய்தி: “மாமா, நாளைக்கு மைனஸ் 9 வருதாம்! வெயில் காலம் வந்தாச்சு. ஒரு நாள் இருந்துட்டுப் போயிருக்கலாம்ல?”